கரடியின் வலது கை

மார்ச் 3, செவ்வாய்

பாலே நடனப் பள்ளியில் இன்றும் அதே எட்டு வரி. பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் வீச, நான் பியானோ வாசிக்க, டீச்சர் என் பாட்டுக்கு மேலே "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கத்த — பதினெட்டு வருடம் இப்படியே ஓடிவிட்டது. என் இடத்தில் ஒரு கடிகாரத்தை உட்கார வைத்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

மாலையில் நாத்தனார் வந்தாள். பழைய படச்சுருள்களைப் பாதுகாக்கும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது, இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு பழைய கார்ட்டூன் கிடைத்திருக்கிறதாம். ஏழு நிமிடம். கோட்டுப் போட்ட கரடி மேடையில் பியானோ வாசிக்கிறது, ஒரு தேனீ வந்து தொல்லை கொடுக்கிறது. ஒலி போய்விட்டது. பெயர் வருகிற முதல் பகுதியும் போய்விட்டது.

"அந்தக் காலத்துக் கார்ட்டூன்ல கிளாசிக்கல் பியானோ பீஸையே எடுத்துப் போட்டுக்குவாங்க அண்ணி. எந்த பீஸ்னு கண்டுபிடிங்க. இருபத்திரண்டாம் தேதி படம் ஓடுறப்ப நீங்களே மேடையில வாசிக்கலாம். ஆனா பதினெட்டுக்குள்ள சொல்லணும். இல்லைன்னா ஏதாவது ரெக்கார்டைப் போட்டுருவாங்க."

மேடையில் நான். கேட்பதற்கென்றே வந்து உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால், யாரும் எண்ணாமல். ஆசை வந்துவிட்டது, மறைப்பானேன்.

மார்ச் 5, வியாழன்

லேப்டாப்பில் முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். இதை வரைந்தவர்கள் சும்மா வரையவில்லை! இரண்டு கறுப்பு, மூன்று கறுப்பு என்று கட்டைகள் சரியாக இருக்கின்றன. எந்தக் கட்டை அமுங்குகிறது என்பதுகூடத் தெரிகிறது. பக்கத்தில் யாரையாவது வாசிக்கவிட்டுப் பார்த்துப் பார்த்து வரைந்தார்களோ? ஆனால் கரடிக்கு நாலே விரல். ஐந்தாவது விரலின் வேலையை எந்த விரல் தலையில் கட்டினார்கள்?

தேனீ உட்காரும் கட்டையைக் கரடி ஓங்கி அடிக்கிறது. தேனீ தப்பித்து அடுத்த கட்டைக்குப் போகிறது. அங்கேயும் ஓர் அடி. அந்த அடிகள் சேர்ந்துதான் பாட்டு! என்ன மூளை!

மார்ச் 8, ஞாயிறு

படத்தை நிறுத்தி நிறுத்தி, கட்டை கட்டையாக எழுதி, இன்று வாசித்துப் பார்த்தேன். இவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருக்கும் இசைக்கும் ஏழாம் பொருத்தம்.

"யாரு போயிட்டாங்க?" என்றார்.

அப்படித்தான் இருக்கிறது, இழவு வீட்டுப் பாட்டு. ஆனால் கரடியோ பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. சிரித்துக்கொண்டு வாசிக்கிறவன் ஏன் இதை வாசிக்கிறான்? முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் அந்தரத்தில் வேறு நிற்கிறது.

மார்ச் 9, திங்கள்

வீட்டிலிருக்கும் புத்தகங்களை எல்லாம் புரட்டியாயிற்று. இல்லை.

மார்ச் 13, வெள்ளி

நூலகத்திலும் இல்லை. தெரிந்த பியானோ ஆசிரியர் ஒருவருக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன். "இப்படி யாருமே எழுத மாட்டாங்களே" என்கிறார். அப்ப என்ன, கரடி சொந்தமா எழுதிச்சா? எரிச்சலா வருது. இன்னும் அஞ்சே நாள். சும்மா கிடந்தவளுக்கு எதுக்கு இந்த ஆசை?

மார்ச் 16, திங்கள்

படம் ஓடப்போகும் அரங்கத்தைப் பார்க்கப் போனேன். காப்பாளர் பியானோவைத் தள்ளிக்கொண்டு வந்தார். படத்தில் கரடி, பார்ப்பவர்களுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும். நானும் அப்படியே உட்கார்ந்தால் வேடிக்கையாக இருக்குமே என்று பியானோவைத் திருப்பி, ஸ்டூலை வலப்பக்கம் போடச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்படிப் போட்டா மூடி சுவர் பக்கம் திறக்குமேம்மா? சத்தம் பூரா சுவருக்குத்தான் கேக்கும். அது ஒரு பக்கம்தானே திறக்கும். வாசிக்கிறவங்க இந்தப் பக்கம்தான் உக்காரணும்."

தெரியும். இதுகூடவா எனக்குத் தெரியாது? ஆனால் — கரடி வலப்பக்கம் இருக்கிறது. மூடியோ நம்மைப் பார்த்துத் திறந்திருக்கிறது. அது எப்படி?

வீட்டுக்கு ஓடி வந்து லேப்டாப்பைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் தூக்கிப் பிடித்தேன். படமே இடவலம் மாறியிருக்கிறது! ஸ்கேன் செய்யும்போது நாத்தனார் சுருளைத் திருப்பி மாட்டியிருக்கிறாள். எங்காவது ஓர் எழுத்து இருந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்போம். கட்டைகளைப் பார்த்தே தெரிந்திருக்க வேண்டாமா? தெரியாது, அதுதான் வேடிக்கை. இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு நடுவிலிருக்கும் வெள்ளையில் மடித்தால் பியானோவின் இரு பக்கமும் அச்சாகப் பொருந்திவிடும். நாற்பது வருடமாக வாசிப்பவள் இன்றுதான் கவனிக்கிறேன். இவ்வளவு நாளும் ஏறும் சுரத்தை இறக்கி வாசித்து, கரடியின் சிரிப்பை அழுகையாக்கியிருக்கிறேன். விரலையே பார்த்துக்கொண்டு ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்கவில்லை.

எழுதியதைத் திருப்பிப் போட்டு வாசித்தேன். ஐந்தாவது சுரத்துக்குக் கை தானாகவே போயிற்று. நடனப் பள்ளியின் எட்டு வரி! பிள்ளைகள் கால் வீசுவதற்காக நான் பாதி வேகத்தில் இழுத்து வாசிக்கிற அதே பீஸ். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். எட்டு வரிக்கு அப்புறம் அதில் இன்னும் மூன்று பக்கம் இருக்கிறது. பள்ளியில் ஒரு நாளும் அங்கே போனதில்லை.

மார்ச் 17, செவ்வாய்

நாத்தனாருக்கு ஃபோன் செய்து குஷியாகக் கொட்டினேன்.

"போஸ்டர் ஒட்டியாச்சு அண்ணி. ரெண்டு மாசத்துல நிரந்தரம் பண்ற நேரம். சுருளைத் தப்பா மாட்டினேன்னு நானே போய்ச் சொல்லவா? பாட்டுதான் கிடைச்சிருச்சே, படம் அப்படியே ஓடட்டும். யாரு கவனிக்கப் போறா?"

கரடியின் கை மேலே போகும்போது என் கை கீழே போகும். நான் கவனிப்பேனே. "அப்படின்னா நான் வாசிக்கலை. ரெக்கார்டையே போடச் சொல்லு. உன்னைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றேன். வைத்துவிட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா மேடை கிடைச்சிருக்கும். திரையைப் பார்க்காமலே வாசிச்சிருக்கலாம்ல? — முடியாது. அது மட்டும் என்னால முடியாது.

மார்ச் 18, புதன்

காலையில் எட்டு வரி வாசித்து, அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்று மணிக்கு நாத்தனாரிடமிருந்து ஒரு வீடியோ. கரடி இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது! கூடவே அவள் குரல்: "மேலதிகாரிகிட்ட சொல்லிட்டேன் அண்ணி. நான் ஸ்கேன் பண்ண மத்த ஏழு சுருளையும் பார்க்கச் சொன்னாங்க. அதுலயும் ஒண்ணு திரும்பித்தான் கிடக்கு! நீயா வந்து சொன்னதால விட்டேன்னாங்க. எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேட்டாங்க. எங்க அண்ணிக்குக் கண்ணாலயே கேக்கத் தெரியும்னு சொன்னேன்."

மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

வாசித்தேன். ஓரிடத்தில் கரடி என்னை முந்திவிட்டது. இரண்டு சுரத்தை விழுங்கிவிட்டு ஓடிப் பிடித்தேன். தேனீ கடைசிக் கட்டையில் போய் உட்கார்ந்தபோது அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது எனக்குக் கேட்டது. கரடியும் நானும் சேர்ந்து அடித்தோம்.

வாசலில் போஸ்டர் கரடி இன்னும் தப்பான பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறது. நாத்தனார் அதன் பக்கத்தில் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டாள். மூன்றாவது வரிசையில் நடனப் பள்ளி டீச்சர் இருந்தார். நான் மேடையை விட்டு இறங்குவதற்குள் போய்விட்டார்.

மார்ச் 23, திங்கள்

பிள்ளைகள் கம்பியைப் பிடித்து நின்றார்கள். எட்டு வரியைத் தொடங்கினேன். டீச்சர் எண்ணுவதற்கு வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். எட்டாவது வரி முடிந்ததும் வழக்கம்போல் நிறுத்தினேன்.

"நேத்து இங்க நிக்கலையே" என்றார். "மிச்சத்தையும் வாசிங்க. பசங்க கேக்கட்டும்."

பிள்ளைகள் கம்பியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள்.