காதில் விழாத சேதி

பிப்ரவரி 11, திங்கள்

உற்சவ நோட்டீஸ் வந்தது. முதல் பக்கத்திலேயே மூன்று பிழை, ஒன்று பகவதியின் பெயரில். சிவப்பு மையால் திருத்தி, கொண்டுவந்த கோவிந்தன்குட்டியிடமே திருப்பிக் கொடுத்தேன். கோயில் கமிட்டிச் செயலாளர். ஐம்பது வயது ஆகியும் என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார்.

"அம்மா, ஆயிரம் காப்பி அடிச்சாச்சு."

"அப்ப ஆயிரத்துலயும் தப்புதான்."

சேதி என்னவோ நல்ல சேதி. மின்கம்பி தாழ்ந்து கிடக்கிறது என்று மூன்று வருடமாக எங்கள் சந்துக்குள் யானை வரவில்லை. எத்தனை மனு எழுதினேன்! கடைசியில் கம்பியை உயர்த்திக் கட்டிவிட்டார்கள். பத்தொன்பதாம் தேதி காலை பகவதி யானைமேல் ஏறி வருகிறாள். இந்தச் சந்தில் அவளுக்கு பறை என்கிற மர மரக்கால் நிறைய முதல் நெல் அளந்து வைப்பது எங்கள் குடும்பம். அதாவது, இப்போது நான்.

எனக்கு எழுபத்தொன்பது. மகன் டொரண்டோவில் இருக்கிறான். மருமகளுக்குப் பறை எது, படி எது என்று தெரியாது. இந்தத் தடவை விட்டால் எனக்கு இன்னொன்று கிடைக்குமா? யோசித்துப் பயனில்லை.

பிப்ரவரி 14, வியாழன்

ஒற்றப்பாலத்துக்குப் போன் செய்தேன். சேச்சிக்கு, என் அக்காவுக்கு, நெஞ்சில் மறுபடியும் நீர் கோத்திருக்கிறது. ஆஸ்பத்திரி வேண்டாமென்று அடம்பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"யானை வருதாமே?"

"வருது."

"நெல்லு உச்சியில தென்னம்பூ நேரா நிக்கணும் பத்மு. நீ வச்சா எப்பவும் சாயும்."

"நீ வாயை மூடிட்டுத் தூங்கு."

"தூங்கத்தானே போறேன்."

மருந்து நேரத்தைக் கேட்டுவிட்டு வைத்தேன்.

பிப்ரவரி 17, ஞாயிறு

நெல் நன்றாகக் காய்ந்தது. வீட்டு வேலை பார்க்கும் தேவு பறையின் பித்தளைப் பட்டையைப் புளி போட்டுத் தேய்த்தாள். இரண்டாம் தடவையும் தேய்க்கச் சொன்னேன். அதற்கொரு முனகல்.

சேச்சிக்கு மூச்சு வாங்குகிறதாம், அவள் மகன் சுரேந்திரன்தான் பேசினான்.

பிப்ரவரி 18, திங்கள்

காலையில் பேப்பர் வரவில்லை. ஏஜென்ட் வீட்டில் கல்யாணம் என்றாள் தேவு. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு சத்யபாமா வந்தாள். நான் கிழக்கு என்றால் அவள் மேற்கு, நாற்பது வருடமாக இதுதான் எங்கள் சிநேகம். இன்று அவள் கொண்டுவந்த அவியலை வாயில் வைத்துவிட்டு, "உப்பு இல்லை" என்றேன்.

"ஆமா சேச்சி, இல்லதான்."

"தேங்காயும் பழசு."

"பழசுதான் சேச்சி."

உப்பு சரியாக இருந்தது. தேங்காயும் புதிதுதான். சும்மா சொல்லிப் பார்த்தேன்.

அவள் போனபின் போனை எடுத்தேன். உயிரில்லை. அலமாரிக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் ஒயர் பிடுங்கிக் கிடக்கிறது. தானாக வந்து விழுகிற ஒயர் அல்ல அது.

காதில் விழாத சாவுக்குத் தீட்டு இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிந்த வழக்கம். விசேஷம் நெருங்கும்போது சேதியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், முடிந்ததும் சொல்வார்கள். கேட்டுவிட்டால் பதினாறு நாள். கோயில் கிடையாது, விளக்கு கிடையாது, பறை கிடையாது. ஊரே சேர்ந்து எனக்காகத்தான் செய்கிறது. யார்மேல் கோபப்படுவது?

ஒயரை மாட்டினால் தெரிந்துவிடும்.

மாட்டவில்லை. ஏன்? சரியாக எழுது, பத்மாக்ஷி. நாளைக் காலை எட்டு மணிக்கு யானை வருகிறது, அதனால்தான்.

சேச்சி இருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். இருந்தால் சாவு அறிவிப்பு வரும் பேப்பரை எதற்கு மறைக்கிறார்கள், ஒயரை எதற்குப் பிடுங்குகிறார்கள்?

பிப்ரவரி 19, செவ்வாய்

ஒற்றப்பாலம். சேச்சியின் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் குளித்துவிட்டு கரை போட்ட முண்டு உடுத்தி வந்தேன். தேவு விளக்கேற்றி இருந்தாள். பறை, நெல், தென்னம்பூ எல்லாம் வாழையிலையில் தயார். செண்டை மேளம் கேட்டது. சந்து முனையில் யானையின் நெற்றி முகபடாமின் பொன்னிறம் தெரிந்தது. அய்யப்பன்குட்டி நல்ல யானை, தலையைத் தூக்கித்தான் நடப்பான். மேலே பகவதியின் உருவம் பதித்த கோலம், அதற்கு மேல் பட்டுக்குடை. புதுக்கம்பிக்குக் கீழே குடை இடிக்காமல் வந்தது. மூன்று வருடத்து மனு.

வாசலில் வந்து நின்றான். மேளம் நின்றது. நான் படியை விட்டு இறங்கவில்லை.

பாமா மெதுவாக, "சேச்சி, அளந்து போடுங்க. சாமி நிக்குது" என்றாள்.

"நான் போடக்கூடாது. எனக்குத் தீட்டு."

"யாரு சொன்னா? யாருமே ஒண்ணும் சொல்லலையே!"

"நீதான் சொன்னே. அவியல்ல உப்பு இல்லைன்னு ஒத்துக்கிட்டியே."

யாரோ சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்கள். கோவிந்தன்குட்டி பக்கத்தில் வந்து, கூட்டத்துக்குக் கேட்காத குரலில், "அம்மா, காதால கேக்காத வரைக்கும் தோஷமில்ல. ஒரே ஒரு பறை. அஞ்சு நிமிஷம்" என்றார்.

"சரி, இப்ப கேக்கறேன். என் சேச்சி இருக்காளா?"

அவர் யானையின் காலைப் பார்த்தார். பாமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு அது போதும்.

"பகவதியைக் காக்க வைக்காதீங்க. பாமா வீட்டுல முதல் பறை வைக்கட்டும்" என்றேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் பாமா ஊரெல்லாம் சொல்லியிருப்பாள்.

பாகன் அங்குசத்தால் லேசாகத் தொட்டான். யானை நகர்ந்தது. அவ்வளவு பெரிய உடம்பு, சத்தமே இல்லாமல் போகிறது.

ஞாயிறு ராத்திரியே நடந்துவிட்டதாம். ஆட்டோவில் இங்கே வந்து சேரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. கூடத்தில் சேச்சியைக் கிடத்தியிருந்தார்கள். முகம் சின்னதாகிவிட்டது. மஸ்கட்டிலிருந்து மகள் வந்திருந்தாள், தெற்குத் தொடியில், தோட்டத்து ஓரம், சிதைக்கு மாமர விறகு அடுக்கியாகிவிட்டது. ஆனாலும் எல்லாரும் எதற்கோ காத்திருந்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நெற்றி முடியை ஒதுக்கினேன். பிறகுதான் எடுத்தார்கள்.

பிப்ரவரி 21, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பப்படம் இல்லாத கஞ்சி.

பிப்ரவரி 24, ஞாயிறு

பூரம், உற்சவத்தின் பெரிய நாள். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன் என்று சுரேந்திரனிடம் சொன்னேன். பாதிதான் உண்மை.

தீட்டுக்காரி கோயில் வயலில் இறங்கக்கூடாது. ரோட்டோரம் மருந்துக்கடை நிழலில் நின்றேன். பதினொரு யானை, நடுவில் அய்யப்பன்குட்டி. மேளம் ஏற ஏற மேலே வெண்சாமரமும் மயில்பீலி ஆலவட்டமும் எழுந்து தாழ்ந்தன. மூன்றாவது யானையின் முகபடாம் இடப்பக்கம் சரிந்திருந்தது. யார் கட்டியதோ.

கோவிந்தன்குட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இங்க உக்காரலாம் அம்மா, இது எல்லைக்கு வெளியதான். நான் அளந்துட்டேன்."

"கமிட்டி நாற்காலிதானே? திரும்ப உள்ள எடுத்துட்டுப் போகாதீங்க."

"கடைக்காரரோடது."

உட்கார்ந்தேன். வெயில் தாழும்வரை இருந்தேன். பாமா மட்டும் ரோட்டைத் தாண்டி வந்து, "வாயைத் திறக்காம இருந்திருந்தா முன்வரிசையில நின்னிருக்கலாம்ல?" என்றாள். "நின்னிருக்கலாம்" என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. மேற்கொண்டு சண்டை போட ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

மார்ச் 5, செவ்வாய்

பதினாறு முடிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு சுரேந்திரன் என்னருகே வந்து உட்கார்ந்தான்.

"சித்தி, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு உங்களுக்குத் தெரியப்படுத்த வேண்டாம்னு சொன்னது கோவிந்தன்குட்டி இல்ல, பாமாவும் இல்ல. அம்மாதான். முந்தின நாளே சொல்லிட்டாங்க. 'யானை போகட்டும், அதுக்கப்புறம் பத்முகிட்ட சொன்னாப் போதும்'னு."

எனக்குக் கோபம்தான் வந்தது. சாகும்போதும் அதிகாரம்! என் விஷயத்தை நான் முடிவு செய்துகொள்ள மாட்டேனா?

"அவளுக்கு என்ன, எப்பவும் இப்படித்தான்" என்றேன்.

"இன்னும் இருக்கு சித்தி. 'எப்படியும் அவ கண்டுபிடிச்சிடுவா. கண்டுபிடிச்சா நிக்க மாட்டா, யானையை விட்டுட்டு வந்துருவா. அவ வர்ற வரைக்கும் என்னை எடுக்காதீங்க'ன்னாங்க. மஸ்கட்லேர்ந்து என் தங்கச்சி அன்னிக்கு விடியறதுக்கு முன்னயே வந்துட்டா. நாங்க உங்களுக்காகத்தான் வச்சிருந்தோம்."

பிறகு அவன் சட்டம் போட்ட படத்தைக் கொண்டுவந்து, எங்கே மாட்டலாம் என்று கேட்டான். வடக்குச் சுவரில், வெயில் படாமல், என்றேன்.

படத்துக்குக் கீழே பெயர், தேதி, வயது அச்சிட்டிருக்கிறார்கள். வயது எண்பத்தொன்று என்று இருக்கிறது. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்த நாளிலிருந்து சேச்சி சொல்லிவந்த கணக்கு அது. உண்மையில் எண்பத்துமூன்று.

"எல்லாம் சரியா இருக்கா, சித்தி?" என்று கேட்டான்.

சரியாக இருக்கிறது என்றேன்.