அம்மாவின் காலளவு

கொழும்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்களையும் அப்பாவையும் மாதா காக்கட்டும். போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். அப்பா வாசித்துக் காட்டட்டும்.

நான் வேலை செய்யும் வீட்டில் பார்த்துக்கொள்ளும் வயதான நோனாவுக்கும் உங்களைப் போலச் சீனி வருத்தம். நேற்று கிளினிக்கில் தாதி அவரைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நூல் போன்ற ஒன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நோனாவோ, "இன்னும் தொடங்கலையா?" என்று கேட்டார். சீனி கூடியே இருந்தால் கால் மரத்துவிடுமாம். புண் வந்தாலும் தெரியாதாம்.

நத்தார்ப் பண்டிகைக்கு நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் பெருமையாகச் சொன்னீர்களே, "இப்பல்லாம் மலையில அட்டை ஏறுறதே எனக்குத் தெரியறதில்ல புள்ள" என்று. நானும் சேர்ந்து சிரித்தேன்.

இனி வெறுங்காலோடு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகாதீர்கள். சப்பாத்து அனுப்புகிறேன், அளவு வேண்டும். ஒரு தாளில் காலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அப்பா சுற்றிக் கோடு போட்டு, பென்சிலால் ஒவ்வொரு விரலையும் மெல்லத் தொடட்டும்; தொட்டது தெரிந்தால் சொல்லுங்கள். தொட்டும் நீங்கள் சொல்லாத விரலுக்கு நேரே ஒரு புள்ளி வைக்கட்டும். ஒரு புள்ளி விழுந்தாலும் சப்பாத்துக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பொகவந்தலாவை ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தாளை மடிக்காமல் அனுப்புங்கள். அளவெடுத்த பிறகும் நான் வைத்துக்கொள்வேன்.

நோனா கூப்பிடுகிறார். அப்பா, அம்மா வேண்டாமென்று தடுத்தாலும் நீங்கள் புள்ளியை வையுங்கள்.

மகள்
யூஜினா