கோயில் கடிதத்தின் கார்பன் பிரதி

என்னைக் ‘கிராணி’ என்று கூப்பிட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன என் காதருக்கு,

நீ போனபிறகு இரண்டு நோன்புப் பெருநாள் வந்து போய்விட்டது. இந்தத் தீபாவளிக்கும் என் வீட்டுக்காரி உனக்கென்று வைத்திருக்கும் தனிச் சட்டியை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் அவளே எடுத்து மறுபடி மேல் தட்டில் வைத்துவிட்டாள். நீ இருந்திருந்தால், “இன்னும் என்னை ஹலால் பார்த்துத்தான் வளர்க்கிறீங்களாலா”ன்னு கேலி பண்ணியிருப்பாய்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உயிரோடு இருந்தபோதே, நேரில், மூஞ்சியைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியது. சொல்லவில்லை. இப்போது உன்னை அடக்கம் செய்த கபுரிடம் போய்த் தனியாகச் சொல்லிவிட்டு வரலாம்தான். ஆனால் யாருக்கும் தெரியாமல் தப்பு பண்ணி, யாருக்கும் தெரியாமல் மன்னிப்பும் வாங்கிக்கொள்கிற ஆள் நான். அந்தப் புத்தி இனி வேண்டாம் என்றுதான் பத்திரிகையில் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும்.

உனக்குத் தெரிந்த கதைதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். லூனாஸ் பட்டணத்தில் உங்கள் அத்தாவின் சாப்பாட்டுக் கடை. பட்டணத்துக்கு வெளியே எங்கள் எஸ்டேட். இரண்டு பேரும் கூலிமில் ஒரே இடைநிலைப்பள்ளி, ஒரே பஸ். நான் எஸ்டேட் ஆபீசில் கிராணி வேலைக்குப் போனேன், கணக்கெழுதவும் டைப் அடிக்கவும். நீ தமிழ் படிக்கப் போனாய். கடையில் ரொட்டி தட்டிக்கொண்டே பழைய பாட்டுக்கு அர்த்தம் சொல்கிற ஆளை நான் உன்னைத் தவிர வேறு எங்கேயும் பார்த்ததில்லை. அதிலேயே டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டாய். பக்திப் பாடல்களைத்தான் ஆராய்ச்சி பண்ணினாய்.

அதற்கு நீ வாங்கின திட்டு இருக்கிறதே. தொழுகை நடக்கிற சூராவில், “சாமிப் பாட்டுல உனக்கு என்னப்பா வேலை”ன்னு கேட்டார்கள். எங்கள் பக்கம், “பாய்க்கு இதெல்லாம் எதுக்கு”ன்னு கேட்டார்கள். நீ இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாய்: “பாட்டு நல்லாருக்கு, அதான்.” கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் உனக்காகக் கோபம் வரும். அப்பேர்ப்பட்ட நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

அந்த வருஷம் பல்கலைக்கழகத்தில் தமிழ் விரிவுரையாளர் வேலை காலியானது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம், எல்லா இடத்திலும் மனிதர்கள்தானே உட்கார்ந்திருக்கிறார்கள். நீ மனுப் போட்டாய். அதே வருஷம்தான் எங்கள் எஸ்டேட்டை வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்றார்கள். மாரியம்மன் கோயில் நிலத்துக்கு கிராண்ட் இல்லை, பட்டா மாதிரி ஒரு தாளும் இல்லை. கோயிலை உடைத்துவிடுவார்கள் என்று பேச்சு. நான் கோயில் செயலாளர்.

நம் ஆட்களுக்குக் கோயில் லெட்டர் என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். பிறப்புப் பத்திரம் இல்லையா, கோயில் லெட்டர். பையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதா, கோயில் லெட்டர். பிள்ளைக்கு ஹாஸ்டலில் இடம் வேண்டுமா, அதற்கும் கோயில் லெட்டர். எவனுடைய கதவையும் தட்ட எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை. அம்மன் படம் போட்ட அந்தத் தாளில் நான் டைப் அடிப்பேன், தலைவர் கையெழுத்துப் போடுவார். ஒரு கார்பன் பிரதி ஃபைலுக்குப் போகும். என் மலாய் மோசம், பெரிய கடிதம் என்றால் உன்னிடம்தான் கொண்டு வருவேன். கோயில் நிலத்துக்கான மனுவை உங்கள் கடையின் கடைசி மேசையில் உட்கார்ந்து நீதான் எழுதிக் கொடுத்தாய். மூன்று பக்கம். ஒரு வார்த்தையைக்கூட நான் மாற்றவில்லை.

அந்த மனுவை எடுத்துக்கொண்டு நாங்கள் நம் ஆட்களின் கட்சிக் கிளைத் தலைவரைப் பார்க்கப் போனோம். அவர் படித்தார். நல்லா எழுதியிருக்கு என்றார். சட்டமன்ற உறுப்பினரான ஒய்பியிடம் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். அப்புறம், இன்னொரு சின்னக் கடிதமும் வேண்டும் என்றார். தமிழ்த் துறைக்கு ஒரு முஸ்லிம் வரப் பார்க்கிறாராம். நம் பக்தி இலக்கியத்தை நம் சமயத்துக்காரர்தான் நடத்த வேண்டும் என்று இந்த வட்டாரத்து இந்துக்கள் கேட்டுக்கொள்வதாகக் கோயில் சார்பில் நாலு வரி.

உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் கோயில் தலைவர் என்னைப் பார்த்தார். நான் கோயிலை நினைத்தேன். என் கல்யாணம் நடந்த இடம், என் அம்மா வேண்டுதலுக்கு மொட்டை போட்டுக்கொண்ட இடம். காதருக்கு வேறு வேலை கிடைக்கும், அம்மனுக்கு வேறு இடம் கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் ஆபீஸ் டைப்ரைட்டரில் அந்த நாலு வரியையும் அடித்தேன். மலாய் தப்பாக இருந்திருக்கும். அதை மட்டும் உன்னிடம் திருத்தக் கொண்டு வரவில்லை.

வட்டாரத்து இந்துக்களை நாங்கள் யாரும் கேட்கவில்லை. கோயில் ஷெட்டில் நாலு பேர் இருந்தோம், அவ்வளவுதான்.

நேர்காணல் முடிந்து வந்த நீ நேராக என்னிடம்தான் வந்தாய். கழுத்துப் பட்டையைக்கூட அவிழ்க்கவில்லை. “உள்ள ஒரு அதிகாரி கேட்டாருடா, உங்க ஊர்க்காரங்களே உங்கள வேணாங்கிறாங்களே, நீங்க என்ன சொல்றீங்கன்னு. எனக்குப் பதில் வரலடா கிராணி” என்றாய். அப்புறம், “யாருடா எழுதியிருப்பா?” என்று கேட்டாய்.

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். “எவன் கண்டான்” என்றேன்.

கடிதம் எழுதினதைவிட அந்த இரண்டு வார்த்தைதான் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. எழுதினதற்குக் கோயிலைக் காரணம் சொல்லலாம். அதற்கு என்ன காரணம் சொல்ல? நீ என்னைப் பார்த்துக் கேட்டது தெரியாமல் கேட்டதா, தெரிந்துகொண்டு எனக்கு ஒரு வழி விட்டதா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

வேலை கிளைத் தலைவரின் மச்சானுக்குப் போனது. சமயம் என்று எங்களிடம் சொன்னார், உள்ளே இருந்தது மச்சான். பின்னாலதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த மச்சானைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர், பிள்ளைகளுக்கு நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாராம். கோயிலுக்கும் நிலம் கிடைத்தது. சுற்றிலும் வரிசை வீடுகளாகத் தாமான் வந்துவிட்டது, நடுவில் நம் கோயில் நிற்கிறது. நீ சுங்கை பட்டாணியில் பள்ளிக்கூட வாத்தியாராகவே இருந்து ஓய்வு பெற்றாய். ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுக்கு மோட்டரில் வந்து வெளியே நின்று, “உங்க அம்மா சௌக்கியமா”ன்னு என்னைக் கேட்பாய். எந்த அம்மாவைக் கேட்கிறாய் என்று எனக்குப் புரியும்.

இப்போது நடந்ததைக் கேள்.

போன மாதம் உன் மகள் பரீதா வந்தாள். உன்னை மாதிரியே தமிழ், உன்னை மாதிரியே டாக்டர் பட்டம், பேச்சு மட்டும் அவள் அம்மா மாதிரி, வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அதே பல்கலைக்கழகத்தில் அதே வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். அங்கே பழைய ஆள் ஒருத்தர் அவளிடம் சொன்னாராம்: உங்க அப்பா காலத்துல உங்க ஊர்லேருந்து ஒரு லெட்டர் வந்து கெடுத்துச்சு, இந்தத் தடவை வேற எவனும் எழுதுறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு நல்ல லெட்டர் கொண்டு வந்துடுங்க.

“யார்கிட்ட போறது சாச்சா, உங்களத் தவிர?” என்றாள். “கோயில் லெட்டர் ஒன்னு குடுங்க.”

செய்துவிடலாம்மா என்றேன். அவள் சந்தோஷமாகக் காடியை ஓட்டிக்கொண்டு போனாள். நான் அப்போதே சொல்லியிருக்கலாம், மறுபடியும் டீ ஆற்றுகிற வேலைதான். பிறகு பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். கார்பன் பிரதி ஊதா நிறம் மங்கி அப்படியே இருந்தது. நம் ஆட்களில் ஒருத்தன்கூட ஒரு தாளைத் தூக்கிப் போட மாட்டான், அதில் நான் ராஜா.

மறுநாள் அவள் வாத்தியார் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கே போனேன். ரெஹாட் இடைவேளை, கேண்டீனில் உட்கார்ந்தோம். தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். படித்தாள். நாலு வரிக்கு இவ்வளவு நேரமா என்று தோன்றுகிற அளவுக்குப் படித்தாள்.

“இத யாரு டைப் பண்ணினது?”

“நான்தாம்மா.”

“அத்தாவுக்குத் தெரியுமா?”

“தெரியாதுன்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறீங்களா?” என்றாள். மணி அடித்தது. எழுந்து நின்று, “வகுப்பு இருக்கு, மிஸ்டர் மாணிக்கம்” என்றாள். பிறந்த நாளிலிருந்து என்னைச் சாச்சா என்று கூப்பிட்ட பிள்ளை. நீ சொல்லிக்கொடுத்த சித்தப்பா உறவு அது. நான் பார்க்கிங்கில் வந்து உட்கார்ந்து அழுதேன் காதரு, சொல்வதற்கு வெட்கமில்லை.

மூன்று நாள் கழித்து போன் பண்ணினாள். லெட்டர் வேண்டும், ஆனால் சும்மா பாராட்டி எழுதினால் போதாது. பழைய லெட்டர் தப்பு, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று அதே கோயில் தாளில் எழுத வேண்டும். “எனக்காக இல்ல. எங்க அத்தா ஃபைலுக்காக” என்றாள்.

கமிட்டியைக் கூட்டினேன். இப்போது தலைவர் சிவா, லாரி வைத்திருக்கிறான், நல்ல பையன். பாராட்டி எழுத ஒத்துக்கொண்டார்கள், அதுவும் பாதி மனசோடு. “முஸ்லிம் பொண்ணுக்கு நம்ம லெட்டர்ஹெட்டா, நாளைக்கு எவனாச்சும் போன்ல போட்டு வைரல் பண்ணா?” என்றான் ஒருத்தன். திரும்பப் பெறுவது என்றதும் சிவாவே தலையை ஆட்டினான். “அண்ணே, பழைய லெட்டரக் கிண்டினா நிலம் எப்படி வந்துச்சுன்னும் கிண்டுவாங்க. நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா கோயிலுக்கு யாரு பதில் சொல்றது?”

அவன் பயம் எனக்குப் புரிந்தது. அதே பயம்தானே அன்றைக்கு எனக்கும். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நிலத்து மனுவின் மூன்று பக்கத்தை எடுத்துக் காட்டினேன். “இந்த மலாய் யாரோடதுன்னு தெரியுமா? காதரோடது. அந்த முஸ்லிம் எழுதின மனுவுலதான்டா நம்ம ஆத்தா உட்கார்ந்திருக்கா” என்றேன். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் தாளை வாங்கிப் பார்த்தார்கள். ஆனாலும் முடிவு மாறவில்லை. பொய் சொல்ல மாட்டேன், நல்ல முடிவாகச் சொல்ல எனக்கும் ஆசைதான்.

கோயில் தாளில் நாலு வரிப் பாராட்டு அடித்துக் கொடுத்தேன், சிவா கையெழுத்துப் போட்டான். அப்புறம் அலமாரிச் சாவியையும் ஃபைலையும் அவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வெள்ளைத் தாளில், என் பெயர், என் அடையாள அட்டை எண் போட்டு இன்னொன்று எழுதினேன். அந்தக் கடிதத்தை அடித்தவன் நான். அதில் இருந்தது வட்டாரத்தின் விருப்பம் இல்லை, நாலு பேரின் பயமும் ஒருவரின் சிபாரிசும். அந்த ஆள் இந்த வேலைக்கு எல்லா விதத்திலும் தகுதியானவர், அவர் என் நண்பர். மலாயில்தான் எழுதினேன். தப்பு இருந்தால் இருக்கட்டும், திருத்த ஆளில்லை.

இரண்டையும் பரீதாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோயில் கடிதத்தைப் பார்த்து, “இதுல ஒன்னுமே இல்லையே” என்றாள். என் தாளை நின்றுகொண்டே படித்தாள். படித்துவிட்டு அதை மேலே வைத்து, கோயில் கடிதத்தை அடியில் வைத்து உறையில் போட்டாள். என்னை உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை.

நாளைக்கு நேர்காணல். நானும் வருகிறேன், வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், யாராவது கேட்டால் உள்ளே வந்து சொல்கிறேன் என்று அவளுக்கு மெசேஜ் போட்டிருந்தேன். இரண்டு நாளாகப் பதில் இல்லை. இன்றைக்கு மத்தியானம் வந்தது. “ஏழு மணிக்கு ரெடியா இருங்க. பசியாற வழியில பாத்துக்கலாம்.” முன்னாலும் பின்னாலும் எந்தப் பெயரும் இல்லை. மிஸ்டரும் இல்லை, சாச்சாவும் இல்லை. நான் மேலேயும் கீழேயும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டேன்.

காதரு, நாளைக்கு அந்த அறைக் கதவுக்கு வெளியே இருப்பேன். உன்னைக் கேட்ட கேள்வியை அவளைக் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவன் வெளியே உட்கார்ந்திருக்கிறான் என்று அவள் சொல்லலாம். கூப்பிட்டால் போவேன். கூப்பிடாவிட்டால் அவள் வெளியே வருகிறவரைக்கும் நகர மாட்டேன். இந்தத் தடவை யாராவது “யார் எழுதினது” என்று கேட்டால், “நான்” என்று சொல்வேன்.

இப்படிக்கு,
பரீதாவின் சாச்சா என்று போட இன்னும் தைரியம் வராத,
உன் கிராணி மாணிக்கம்