முந்நூற்றுப் பதினேழு பேர்

மூன்றாம் கட்டைத் தோட்டம்,
பத்தாங் பெர்ஜுந்தாய்,
சிலாங்கூர், மலாயா.
3-3-1952

அன்புள்ள மனைவி நல்லம்மாளுக்கு, கணவன் சன்னாசி எழுதியது. நான் நலம். நீயும் பிள்ளையும் நலமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். ஜப்பான்காரன் காலத்துக்குப் பிறகு எழுதாததற்குக் கோபிக்காதே. இங்கே காட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள்; அதனால் நாங்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்வேலி. அரிசியைக்கூட அளந்துதான் தருகிறார்கள்.

ஓர் அவசரம். நம் ஊரில் எத்தனை வீடு, எத்தனை ஜனம், பஸ் எதுவரை வருகிறது, ரயிலுக்கு எந்த ஸ்டேஷன், அதற்கு எப்படிப் போவது என்று விவரமாக எழுது. ஏன் என்று கேட்காதே.

இப்படிக்கு,
சன்னாசி


கொடிக்கால்பட்டி,
முசிறி வழி.
6-4-1952

மலாயாவிலிருந்து கடிதம் போட்டவருக்கு,

நல்லம்மாள் சொல்ல, மகள் எழுதுகிறாள். பத்து வருஷம் கழித்து வந்த கடிதத்தை மூன்று தரம் வாசிக்கச் சொன்னேன். மூன்று தரமும் சந்தேகம்தான் கூடியது. வெறுமனே பிள்ளை என்கிறீர்கள். நாகமணி என்று பெயர் வைக்கச் சொல்லி எழுதியவருக்கு அந்தப் பெயர் மறந்துவிட்டதா? எங்களுக்குக் கருப்பசாமிதான், என் வீட்டுக்காரர் வாயில் முருகன் பெயரை நான் கேட்டதில்லை. பிறந்து வளர்ந்த ஊருக்கு வழி கேட்கிற மனுஷரையும் பார்த்ததில்லை.

தோட்டத்துப் பதிவில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது என்று மலாயாவிலிருந்து திரும்பிய ஒருவர் சொன்னார். அதை நம்பித்தான் பூவும் பொட்டுமாக இருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று ஆற்றைப் பரிசலில் கடந்தீர்களா, நடந்தா? சொல்லத் தெரியாவிட்டால், நீங்கள் யார்? அவர் எங்கே?

நல்லம்மாள்


பத்தாங் பெர்ஜுந்தாய்,
5-6-1952

அக்கா நல்லம்மாளுக்கு,

தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள். உங்கள் கடிதம் எப்படியோ தப்பி வந்துவிட்டது. அதனால் நம் நாட்டுக்குக் கப்பலேறும் கோலசிலாங்கூர் கடைக்காரர் ஷேக் தாவூது பாய் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. நான் சன்னாசி இல்லை. என் பெயர் சிவானந்தம்.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் எங்களைப் பிடித்துப் போனபோது சன்னாசி அண்ணனும் நானும் ஒரே கொட்டகை. நாற்பத்து மூன்றில் வாந்திபேதியில் என் மடியில்தான் இறந்தார். சேதி சொல்ல வேண்டும் என்று உங்கள் விலாசத்தை என்னை மனப்பாடம் செய்யவைத்தார். நான் சொல்லவில்லை. கைக்குழந்தையாகக் கப்பலில் வந்து அநாதையானவன் நான். சொல்லிக்கொள்ள ஊரும் இல்லை, தோட்டமும் இல்லை. உயிரோடு திரும்பியவர்களோடு அண்ணனின் தோட்டத்துக்கு வந்தேன். ஆளை அறியாத புதுக் கிராணி, பதிவேட்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "சன்னாசி வந்துட்டானா?" என்றார். பசியில் கையைத் தூக்கிவிட்டேன். அந்தப் பெயரில்தான் அடையாளக் கார்டும் எடுத்தேன்.

இப்போது யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். "ஒன் ஊருல எத்தன வீடு? ஸ்டேசனுக்கு எப்படிப் போவ?" என்று போலீஸ் கேட்கிறது. எட்டாம் மாதம் மறுபடி விசாரணை. பொய்ப் பெயர் என்று தெரிந்தால் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளின் ஆள் என்று கம்பிக்குள் போட்டுவிடுவார்கள். எனக்கு வேலம்மா என்று மனைவி, இரண்டு குழந்தைகள்.

ஒன்பது வருஷம் உங்களைக் காக்க வைத்தவன் நான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

சிவானந்தம்


கொடிக்கால்பட்டி,
14-7-1952

நாகமணி அப்பாவுக்கு,

பாய் வந்துவிட்டுப் போனார். ஊர் விவரம் கேட்டிருந்தீர்கள். அறுபத்திரண்டு வீடு. பஸ் முசிறி வரைதான். அங்கிருந்து இரண்டு மைல் நடை. ரயிலுக்கு அக்கரையில் குளித்தலை. தண்ணீர் வந்தால் பரிசல். நீங்கள் புறப்பட்டது சித்திரை மாதம், ஆறு வறண்டு கிடந்தது. மணலில் நடந்தீர்கள். நான் வாயும் வயிறுமாக இருந்தேன். பாதி ஆற்றில் எனக்குக் கால் சுடும் என்று திருப்பி அனுப்பினீர்கள். கேட்கிறவர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறாது. இனிக் கடிதம் வேண்டாம். குழந்தைகளைப் பட்டினி போடாதீர்கள்.

இங்கே ஒரு சாவுச் செய்தி வந்தது. ஆற்றில் தலை முழுகிவிட்டு வந்துதான் இதைச் சொல்கிறேன். நாகமணி கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதுகிறாள். எழுத்துக் கோணலாக இருக்கும்.

ஜனம் எத்தனை என்று கேட்டீர்கள். ஜனக்கணக்கு எடுத்தவர் மலாயாவில் இருப்பவரைச் சேர்க்க மாட்டேன் என்றார். நான் சண்டை பிடித்து, என் வீட்டுக்காரரையும் எழுத வைத்தேன். முந்நூற்றுப் பதினேழு பேர். யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள். அது போன வருஷத்துக் கணக்கு.

இப்படிக்கு,
சன்னாசி மனைவி
நல்லம்மாள்