காமசமுத்திரம் மேட்டில் நீ சொன்னது

நேற்று மாலை ரயிலில் ஒருத்தி தக்காளிக் கூடையோடு ஏறினாள். அடியில் கிடந்த பழமெல்லாம் நசுங்கி, பெண்கள் பெட்டி முழுக்கப் புளித்த வாடை. மற்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். நான் எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டேன். விலை விழுந்த நாட்களில் தோட்டக்காரர்கள் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற தக்காளியைப் பார்த்தால் உனக்குச் சைக்கிளை மேலே ஓட்ட மனசு வராது. இறங்கி, நல்ல பழமாகப் பொறுக்கி, துப்பட்டாவில் மூட்டை கட்டிக்கொண்டு, "இன்னாடி மொறைக்கிற? இன்னிக்கு ரசத்துக்கு ஆச்சு" என்பாய். பங்காருபேட்டை வருவதற்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யாராவது பார்த்திருந்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

மாரிகுப்பத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தால், வாசலில் உன் வீட்டுக்காரர் நிற்கிறார். வருஷ நினைவு ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிட வந்தாராம். உள்ளே வந்து உட்கார்ந்து டீயைக் குடித்தார். குடித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "ஒண்ணு கேக்கணும்மா. அவ கடைசியா இன்னா சொன்னா? நீங்க ஒருத்தர்தான கூட இருந்தீங்க" என்றார்.

இத்தனை நாளில் இந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை. கேட்டுவிடுவாரோ என்று நான்தான் பயந்துகொண்டிருந்தேன். ஏனென்று உனக்கும் தெரியவேண்டும் இல்லையா? உன் அடக்கத்தன்று உங்கள் சபையில், "சகோதரி 'இயேசப்பா' என்று கூப்பிட்டபடியே கர்த்தரிடம் போனார்கள்" என்று பாஸ்டர் சொன்னார். யார் அவரிடம் சொன்னார்களோ தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆனால் அந்த ஒரு வாக்கியம் பல வாய்களை மூடியது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் பைபிளை எடுக்காமல் சைக்கிளை எடுத்தவள் என்று உன்னைப் பேசிக்கொண்டிருந்தவர்களே அழுதார்கள். உன் வீட்டுக்காரர் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனிதருக்கு ஒரு பிடிமானம் கிடைத்திருக்கிறது, போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அவரே வந்து கேட்கிறார். உண்மையைச் சொன்னால் அந்தப் பிடிமானத்தைப் பிடுங்கினமாதிரி ஆகிவிடுமே, நான் என்னடி செய்வேன்?

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், டம்ளரைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போனேன். குழாயடியில் நின்றபோது எல்லாம் திரும்பி வந்தது.

இதே ரயிலில்தான் நீ எனக்குப் பழக்கம். நீ அடுத்த ஸ்டேஷன் சாம்பியன் ரீப்ஸில் ஏறுவாய், நான் உனக்கு இடம் போட்டு வைத்திருப்பேன். வேலைக்கு ஒயிட்ஃபீல்டு வரை தூங்கி வழிந்துகொண்டு போவோம். ஒருநாள், "வாரம் பூரா உக்காந்துக்கினே போறோம், உக்காந்துக்கினே வரோம். இடுப்பு துரு புடிச்சிக்கிச்சு. சைக்கிள் வாங்கலாமா?" என்றாய். நாற்பது வயசுக்கு மேல் சைக்கிளா என்று சிரித்தேன். அடுத்த மாதமே பெங்களூரில் யாரோ ஓட்டிக் கழித்த கியர் சைக்கிள் இரண்டை டெம்போவில் போட்டு இறக்கிவிட்டாய். உன்னோடு சேர்ந்தால் யோசிக்க நேரம் ஏது?

பேட்டமங்கலம் பக்கம் மேடுபள்ளம் இல்லாத ரோடு. அது உனக்குப் பிடிக்காது. காமசமுத்திரம் பக்கம்தான் போகவேண்டும். ஆந்திரா எல்லைவரை ஏறி இறங்கிப் போகிற சின்ன ரோடு, இரண்டு பக்கமும் மாந்தோப்பு, ஒரு பால்வண்டி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நம்மை நிறுத்தி, "எந்துக்கம்மா ஈ கஷ்டம்? பஸ்ஸு உந்தி கதா?" பஸ் இருக்கும்போது இதெதற்கு என்று தெலுங்கில் பரிதாபப்பட்டாரே, நினைவிருக்கிறதா? நீ கொஞ்சமும் யோசிக்காமல், "பஸ்ஸுல இந்த அம்மா வாந்தி சேஸ்தாரு தாதா" என்று என்னைக் காட்டிவிட்டாய். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிய ஆட்டு இருக்கிறதே! வீடு வரும்வரை உன்னோடு நான் பேசவில்லை.

மேடு ஏறுவதற்கு நமக்கு ஒரு சட்டம் இருந்தது. நடு மேட்டில் யாரும் யாருக்காகவும் நிற்கக்கூடாது. நின்றால் மறுபடி மிதித்து ஏற வராது. முன்னால் போகிறவள் உச்சிக்குப் போய்த்தான் கால் ஊன்றவேண்டும். போனதும் மூன்று முறை மணி அடிக்கவேண்டும், கீழே இருக்கிறவளும் பதிலுக்கு மூன்று அடிக்கவேண்டும். இது உன் அப்பாவிடமிருந்து வந்தது. தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்ட் வாயில் நின்று, ஆட்கள் போய்வருகிற கூண்டை, அந்தக் கேஜை, ஏற்றவும் இறக்கவும் மணி அடிக்கிற வேலை அவருக்கு. மூன்று மணி என்றால் கேஜில் ஆள் இருக்கிறது என்று அர்த்தமாம். இங்கே அடித்தால் எஞ்சின் ரூமிலிருந்து அதே மணி திரும்பி வரவேண்டும், வராமல் கேஜ் அசையாது. "பதில் மணி வரலன்னா எங்கப்பா யாரையும் நம்ப மாட்டாரு, அந்த யேசுவே கேஜுல நின்னாலும்" என்று நீ சொல்லும்போதெல்லாம் உங்கள் சபைப் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். சுரங்கம் மூடி உன் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த மணி நம்முடைய இரண்டு சைக்கிளில்தான் மிச்சமிருந்தது.

நீ போன அன்றைக்கும் நான்தான் முன்னால். பாதி மேட்டில் உன் மூச்சுச் சத்தம் பின்தங்கியது. "போய்க்கினே இரு, வரேன்" என்றாய். எத்தனையோ ஞாயிறு சொன்ன வார்த்தைதான். உச்சிக்குப் போய் மூன்று மணி அடித்தேன். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் ஷாஃப்ட்டின் இரும்புச் சட்டமும் தங்கம் எடுத்துக் கழித்த சயனைடு மண்மேடும் தெரியுமே, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதில் இல்லை. மறுபடி அடித்தேன். மாந்தோப்பில் ஒரு குயில் கத்தியது, அவ்வளவுதான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு இறங்கினேன்.

ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற மோரியின் கட்டைச் சுவரில் நீ உட்கார்ந்திருந்தாய். நெற்றியெல்லாம் வேர்வை, ஒரு கை சைக்கிள் சீட்டின்மேல். பக்கத்தில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒன்று சொன்னாய். பிறகு தலையை என் தோளில் சாய்த்தாய். தக்காளி ஏற்றப் போன டெம்போ ஒன்றை மறித்து, டிரைவரும் நானுமாக உன்னை ஏற்றினோம். இதயம் வழியிலேயே நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

டம்ளரைக் கழுவி முடித்தாகிவிட்டது. எத்தனை நேரம்தான் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பது? வெளியே வந்தேன். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, சர்ச்சுல சொன்னத நான் சொல்லல. அவ அப்படிக் கூப்புடல" என்றேன்.

"பின்ன?"

"என்னைத்தான் திட்டினா. 'ஏண்டி எறங்கி வந்த? ஏறின மேடெல்லாம் வீணாப் போச்சே'ன்னு. அவ்ளோதாண்ணா. வேற ஒண்ணும் சொல்லல."

அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திட்டினாளா?"

"ஆமாண்ணா."

"நல்லா பாத்தீங்களா? திட்டிக்கினுதான் இருந்தாளா?"

"லேசா சிரிச்சிக்கினுகூட."

அந்த மனிதர் சிரித்தாரடி. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். உன் அடக்கத்தில்கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. துண்டுக்குள்ளிருந்தே பேசினார்.

"ரெண்டு பிரசவத்துக்கும் நான் வெளிய நின்னுக்கினு இருந்தேம்மா. வலி தாங்க முடியாம போனாதான் 'இயேசப்பா'ன்னு கத்துவா. மத்தபடி அவ வாயில அது வராது, உங்களுக்கே தெரியும். பாஸ்டரு அப்படி சொன்ன நாள்லருந்து எனக்கு அந்தச் சத்தம்தான் காதுல. எவ்ளோ வலிச்சுதோ, எவ்ளோ துடிச்சாளோன்னு. எல்லாரும் வந்து 'எவ்ளோ நல்ல சாவு'ன்னாங்க. நான் யாருகிட்ட சொல்றது?"

அவரைத் தாங்கி நிறுத்துகிறது என்று நான் நினைத்திருந்த வார்த்தைதான் இத்தனை நாளும் அவரை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கே அவர் வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே! அவரும் கேட்கப் பயந்தார், நானும் சொல்லப் பயந்தேன்.

"வலிச்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதுண்ணா. என்னைத் திட்டறதுக்கு மூச்சு இருந்துது. அது மட்டும் நிச்சயம்" என்றேன்.

"போதும்மா" என்றார். "அது போதும்."

கிளம்பும்போது, ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் மறுபடி அதையேதானே சொல்லுவார், அவரிடம் சொல்லவேண்டாமா என்று கேட்டேன். "அவரு சொல்றத சொல்லட்டும். நமக்குத் தெரிஞ்சா சரி" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கியவர் திரும்பி நின்று, "ஏறின மேடெல்லாம் வீணாப் போச்சேன்னா சொன்னா?" என்று இன்னொருமுறை கேட்டு, தானாகவே தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

நீ போனதிலிருந்து எல்லோரும் என்னிடம் மெதுவாகத்தான் பேசுகிறார்கள். ஆபீஸில், ரயிலில், வீட்டில், எங்கேயும். துக்கக்காரியிடம் பேசுகிற பேச்சு. என்னை வாய்நிறையத் திட்ட ஒருத்தியும் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை தாங்கவில்லை. அன்றைக்கு நான் இறங்கி வந்தது வீண் இல்லையடி. இறங்கி வராவிட்டால் அந்தத் திட்டும் எனக்குக் கிடைத்திருக்காது. உன்னிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். நேற்று அதில் பாதியை உன் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். மீதியை என்னோடு வைத்துக்கொண்டிருக்கிறேன், யாருக்கும் தரமாட்டேன்.