முப்பத்தேழாம் பக்கத்துக் கட்டைவிரல்

டேய்,

உன் விரலை அழித்துவிட்டார்கள்.

இன்று காலை மின்னஞ்சலில் ஒரு கோப்பு வந்தது. அனுப்பியவர் முகம் தெரியாத ஒரு காமிக்ஸ் ரசிகர். "சார், அந்தப் பழைய தீபாவளிச் சிறப்பிதழ். பழுப்பு, கறை, மடிப்பு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல சுத்தம் பண்ணிட்டேன். முப்பத்தேழாம் பக்கத்துக் கட்டைவிரலையும் எடுத்தாச்சு. இப்பப் புதுசு மாதிரி இருக்கு, பாருங்க" என்று எழுதியிருந்தார். நல்ல மனுஷன்தான். மூன்று வாரம் உட்கார்ந்து செய்தாராம். திறந்து நேராக முப்பத்தேழுக்குப் போனேன். கீழே வலது மூலையில், உன் விரல் மறைத்திருந்த இடத்தில், கொஞ்சம் புல்லும் ஒரு கல்லும் வரைந்து சேர்த்திருக்கிறார். புல் அசலாகத்தான் இருக்கிறது. அந்த மனுஷனைத் திட்டவும் முடியாது. திட்டுவதென்றால் முதலில் என்னைத்தான் திட்ட வேண்டும்.

இன்டர்நெட்டில் உன்னுடையது என்று சொல்ல அந்த ஒரு விரல்தான் மிச்சம் இருந்தது. இனி எல்லாரும் இந்தச் சுத்தப் பிரதியைத்தான் வைத்துக்கொள்வார்கள், அதுவும் போயிற்று.

நீ படித்த மாதிரி காமிக்ஸ் படித்தவனை நான் இன்றுவரை பார்த்ததில்லை. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டிய வீடுகள், சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் உங்கள் வீடு. இந்தியாவில் தீபாவளிக்கு வரும் புத்தகம் கடல் தாண்டிப் பதுளைக் கடைத்தெருவுக்கு வந்து சேரத் தைப்பொங்கல் தாண்டிவிடும். அதுவும் ஒரு பிரதி, மிஞ்சினால் இரண்டு. கையில் கிடைத்ததும் நான் கதைக்குள் விழுந்துவிடுவேன். குதிரை ஓடுகிறதா, துப்பாக்கி வெடிக்கிறதா, கடைசியில் யார் செத்தான், அவ்வளவுதான் எனக்கு. நீ முதல் தடவை வசனத்தின் பக்கமே போகமாட்டாய். படம் படமாக மேய்வாய். "பேசுறத நம்பாத மச்சான், கையப் பாரு" என்பாய்.

அப்படிப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் பிடித்தாய். பன்னிரண்டாம் பக்கத்தில் வலது கையால் சுட்டவன் பதின்மூன்றில் இடது கையால் சுடுகிறான். படத்தைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டார்கள் என்று அவன் சட்டைப் பொத்தானை வைத்துச் சொன்னாய். அட்டையில் வெள்ளைக் குதிரை, உள்ளே கறுப்புக் குதிரை. இருபதாம் பக்கத்தில் செத்துப் புதைத்த திருடன் நாற்பத்தொன்றில் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்க்கிறான். "செத்தவனுக்கும் பேரு போட்டுட்டானுங்கடா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் வேலைக்கு வராதவனுக்கும் நாள் சம்பளம் 'பேராக' விழுகிற கூத்தையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா நாம்.

ஒரு இதழில் ஒருவன் கையை நீட்டி, வாயைத் திறந்தபடி நிற்கிறான். தலைக்கு மேல் வசன பலூன் இருக்கிறது, உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. அச்சில் விட்டுப்போய்விட்டது. அது உன்னைப் பாடாய்ப் படுத்தியது. பொறுக்க முடியாமல் ஆசிரியருக்கே கடிதம் எழுதிப் போட்டாய். அது அந்தத் தீபாவளிச் சிறப்பிதழில், கடைசித் தாளில், வாசகர் கடிதப் பகுதியில் வந்தது. பதுளை பஸ் ஸ்டாண்டில், மடுல்சீமை பஸ்ஸுக்குள் உட்கார்ந்து புரட்டும்போதுதான் கண்டோம். நீ எழும்பிய வேகத்தில் மேலே கம்பியில் தலை இடித்தது. வலிகூடத் தெரியவில்லை உனக்கு. கொண்டக்டரிடம் ஓடிக் காட்டினாய். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நீ அச்செழுத்தின் மேல் விரலை வைத்து "மடுல்சீமை, மடுல்சீமை" என்க, அவர் பாவம், தலையை ஆட்டி, நல்லது என்று சிங்களத்தில் "ஹொந்தாய், ஹொந்தாய்" என்றார். பஸ் பசறை தாண்டும்வரைக்கும் அந்தப் பக்கத்தை நீ மூடவில்லை.

பிறகு நான் பதுளையில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலைக்கு நின்றேன். டெலிபோன், போட்டோகொப்பி, மூலையில் இன்டர்நெட் உள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டர். நீ தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் மெஷினுக்குப் போனாய். வேலைக்குப் போய் ஆறாம் மாதமே வலது கட்டைவிரல் நசுங்கி, நகம் பாதி கறுத்து, அப்படியே நின்றுவிட்டது. கடையில் ஆள் இல்லாத நேரங்களில் நான் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் தொடங்கினேன்: தமிழ் ரசிகர்களுக்குக் காமிக்ஸ் செய்திகள், காமிக்ஸ் வினோதங்கள். செய்திகள் என்னுடையவை, அதாவது வேறு எங்கோ படித்ததைத் திருப்பி எழுதுவது. வினோதங்கள் முழுக்க உன்னுடையவை. நீ கொப்பித் தாளில் எழுதி பஸ்ஸில் கொடுத்துவிடுவாய். நான் அதைத் தட்டி ஏற்றி, கீழே என் பெயரைப் போடுவேன்.

செய்திக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. வினோதங்களுக்கு வந்தார்கள். சென்னையிலிருந்து வந்தார்கள், டொரொன்டோவிலிருந்து வந்தார்கள். "சார், உங்களுக்கு எப்படி இதெல்லாம் கண்ணில் படுகிறது?" என்று கேட்டார்கள். லயத்தில் பிறந்த என்னை அதுவரை ஒருவரும் சார் என்று கூப்பிட்டதில்லை. ருசி கண்டுவிட்டேன்டா. அதுதான் உண்மை, வேறு சாக்கு ஒன்றும் இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ பதுளைக்கு இறங்குவாய். வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை பார்ப்பாய். ஒரு நாள் சொன்னாய்:

"ஓம் பேரு பதினாலு எடத்துல இருக்கு. எண்ணிட்டேன்."

"அடுத்த மாசம் ஒன்னோடதையும் போடுறேன்டா. கீழ இருக்க வரிய மாத்தணும், அது பெரிய வேல."

"முழுப்பேரு கெடக்கட்டும்டா. அரைப்பேராச்சும் போடு."

கொழுந்து நிறை குறைந்த நாளுக்குத் தோட்டத்தில் பாதிச் சம்பளமாகப் போடுவார்களே, அந்த அரைப்பேரைச் சொல்லிச் சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த வரியை மாற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகாது. எத்தனை அடுத்த மாசம் வந்து போனது, எனக்கு அந்த ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை.

தீபாவளிச் சிறப்பிதழை ஸ்கேன் பண்ணி ஏற்றியதும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். யாரிடமும் இல்லாத இதழ், போட்டால் நம் பக்கம் எங்கேயோ போய்விடும் என்று நான்தான் துடித்தேன். கடையில் இருந்த ஸ்கேனரின் மூடி உடைந்திருந்தது. மடுல்சீமை ஈரத்தில் ஊறிய தாள் கண்ணாடியில் படுக்காமல் சுருண்டுகொண்டே இருந்தது. நீ ஒவ்வொரு பக்கமாக அழுத்திப் பிடித்தாய். முப்பத்தேழில் உன் கட்டைவிரல் உள்ளே வந்துவிட்டது.

"கைய எடுடா மடையா!"

"எடுத்தா சுருண்டுக்கிதுடா."

திரும்ப ஸ்கேன் பண்ண எனக்குப் பொறுமை இல்லை. அப்படியே விட்டேன். கடைசித் தாளுக்கு வந்தபோது, "கடிதப் பக்கத்தையும் போடு மச்சான்" என்றாய், கெஞ்சாத குறையாக. நான், "கதை போதும்டா, ஒரு பக்கம் ஏத்தவே கா மணிநேரம் ஓடுது, மொதலாளி கத்துவாரு" என்றேன். நீ அந்தத் தாளின் மடிப்பை விரலால் நீவிவிட்டாய். "சரி, பொஸ்தகம்தான் இருக்கே" என்று மூடி வைத்தாய். அன்றைக்கு நீ தூக்கி வந்த உன் புத்தகப் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனாய். "லயத்துல கூரை ஒழுகுது, ஒங்கிட்ட பத்திரமா இருக்கட்டும். அதுல நம்ம பேரு இருக்கு."

அந்த இதழ் பரவியது பாரு, காட்டுத்தீ தோற்றது. ரசிகர்கள் அதற்குக் 'கட்டைவிரல் பிரதி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்த நகம் ஏன் கறுப்பு, யாருடைய விரல் என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது. ஒருவர் என்னையே நேராகக் கேட்டார். நான் எழுதிய பதில் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது: "கடைக்கு வந்த யாரோ ஒருவருடையது."

யாரோ ஒருவன்! நாக்கு அழுகிப் போயிருக்க வேண்டும் எனக்கு.

பெட்டியின் கதை இன்னும் கேவலம். கடையில் புது போட்டோகொப்பி மெஷின் வைக்க இடம் வேண்டும் என்றார் முதலாளி. முக்கியமான இதழைத்தான் ஸ்கேன் பண்ணியாகிவிட்டதே, இனி இந்தக் காகிதம் எதற்கு என்று தோன்றியது எனக்கு. பெட்டியோடு தூக்கிப் பக்கத்து வடைக்கடையில் வடை சுற்றக் கொடுத்தேன். கடிதப் பக்கத்தை நாம் ஏற்றவில்லை என்பது அந்த நேரம் என் மரமண்டையில் உறைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ "பொட்டி எங்கடா?" என்றாய். "ரூமுக்குக் கொண்டு போயிட்டேன்" என்றேன். நீ நம்பினாய்.

எலிக்காய்ச்சல் வந்து உன்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தது அதற்கு அடுத்த மழைக்காலம். பாதை இடிந்து பஸ் ஓடாமல், நாலு நாள் லயத்தில் கிடந்து, ஐந்தாம் நாள் லொறியில் வந்தாய். கண் மஞ்சளாகியிருந்தது. என்னைக் கண்டதும் நீ கேட்டது ஒன்றுதான்: "அந்தத் தீபாவளி பொஸ்தகத்தக் கொண்டாறியா? அந்தப் பக்கத்த ஒரு தடவ பாக்கணும் போல இருக்குடா."

என்ன செய்வேன்? கடைக்கு ஓடி, கம்ப்யூட்டரில் இருந்த பக்கங்களையெல்லாம் அச்செடுத்து, தைத்துக் கொண்டு வந்து கொடுத்தேன். நீ மெதுவாகப் புரட்டினாய். முப்பத்தேழில் நின்று, "ஏய், என் வெரலு!" என்று சிரித்தாய். பக்கத்துக் கட்டில்காரருக்கும் காட்டினாய். பிறகு கடைசிவரை போய், தாளைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாய்.

"கடிதப் பக்கம் எங்கடா?"

"மெஷின்ல மை தீந்து போச்சு. நாளைக்குக் கொண்டாறேன்."

"ஊரு நாளைக்கா, ஒன்னோட நாளைக்கா?"

கேலியாகத்தான் கேட்டாய். ஆனால் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாய். நான் அந்தத் தாளின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிக் கிழித்துக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. நீ போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாய். மறுநாள் காலை நான் போனபோது கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

முப்பதாம் நாள் காரியத்தன்று உன் சம்சாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணே, அந்தப் பொட்டி ஒங்க ரூமுலதான் இருக்குன்னு சொல்வாரு. அவரு பேரு அச்சுல வந்த பொஸ்தகம் மட்டும் குடுங்கண்ணே. புள்ளைக்கு அப்பான்னு காட்ட வேற ஒண்ணும் இல்ல." தேடித் தருகிறேன் தங்கச்சி என்றேன். அவளிடமும் நாளைக்குத்தான்.

அன்றைக்குப் பதுளை திரும்பியதும் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். வினோதங்கள் என்னுடையவை அல்ல, ஸ்டோரில் வேலை செய்த என் நண்பனுடையவை, அந்த விரலும் அவனுடையது என்று உன் முழுப்பெயரோடு எழுதினேன். பதினாலு இடத்திலும் என் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போட்டேன். ஐந்து நிமிஷம் இல்லை, மூன்று நிமிஷம்தான் ஆனது.

ஒருத்தரும் நம்பவில்லை. "உருக்கமான கதை சார்" என்றார் ஒருவர். "தோட்டத்தில் வேலை செய்கிறவர் இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருப்பாரா?" என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள் என் பழைய பதிலைத் தோண்டி எடுத்துப் போட்டார்: அப்போது யாரோ ஒருவர் என்றீர்கள், இப்போது உயிர் நண்பன் என்கிறீர்கள், எது பொய்? ஆதாரம் இருந்தால் காட்டுங்கள். ஆதாரம் அந்தக் கடிதப் பக்கம்தான். இதழ் வைத்திருப்பவர்கள் கடைசித் தாளை மட்டும் அனுப்புங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். எட்டுப் பேர் அனுப்பினார்கள். எட்டும் நான் ஏற்றிய அதே பிரதி. எல்லாவற்றிலும் உன் விரல் இருந்தது, ஒன்றிலும் உன் பெயர் இல்லை. மதுரையில் ஒருவரிடம் அசல் இதழ் இருந்தது. அவர் பைண்டிங் பண்ணும்போது கதை அல்லாத தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டாராம். பிறகு நம் பக்கத்துக்கு இலவசமாக இடம் கொடுத்த இன்டர்நெட் நிறுவனமும் மூடிப்போய், உன் பெயர் இருந்த பதினாலு இடமும் ஒரே நாளில் காணாமல் போயின.

உன் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். என்னைக் கண்டால் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டுச் சலித்துவிட்டாள்.

கடிதம் மட்டும் எனக்கு மனப்பாடம். அதை வைத்து யாருக்கும் எதையும் நிரூபிக்க முடியாது. இருந்தாலும் எழுதுகிறேன். "ஐயா, சென்ற இதழில் முப்பத்துமூன்றாம் பக்கத்தில் ஒரு மனிதர் வாயைத் திறந்து நிற்கிறார். அவர் சொன்னது அச்சில் வரவில்லை. அவர் என்ன சொன்னார் என்று தெரியாமல் நாங்கள் இருவரும் மிகவும் கஷ்டப்படுகிறோம். தயவுசெய்து தெரிவிக்கவும்." கீழே முதலில் என் பெயர். அடுத்து உன் பெயர். அப்புறம், மடுல்சீமை, இலங்கை.

கண்டுபிடித்தவன் நீ, எழுதியவன் நீ, தபாலில் போட்டவனும் நீ. நான் அந்தப் பலூனைக் கவனிக்கவே இல்லை. பஸ்ஸுக்குள் கேட்டேன், "ஏண்டா என் பேரையும் போட்ட?" என்று. நீ தலை இடித்த இடத்தைத் தடவிக்கொண்டே, "ஒத்தப் பேரா இருந்தா நல்லாவா இருக்கு?" என்றாய்.

இப்போதும் வங்கியிலோ தபால் கந்தோரிலோ பெயரை எழுதச் சொன்னால், என் பெயரை எழுதிவிட்டு, அடுத்த பெயருக்காகப் பேனாவை எடுக்காமல் நிற்கிறேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சத்தம் போடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் தாளைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.