ரெபரி

வெள்ளவத்தை,
14.03.1998

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் இருமல் குறைந்ததா? மருந்தை நேரத்துக்கு எடுக்கிறீர்களா?

வேலைப் படிவத்தில் 'ரெபரி' என்று கேட்டிருந்தது. உதைபந்தாட்டத்தில் விசில் ஊதுபவரையா கேட்கிறார்கள் என்று சிரித்தேன். எங்களை நன்றாகத் தெரியும் என்று சொல்லக்கூடியவராம். எங்கள் வீட்டில் மூன்று வருடம் தங்கிப் படித்த இரத்தினசிங்கம் அண்ணையிடம் கேட்டுத்தான் அவர் பெயரை எழுதினேன். "ஓம் தங்கச்சி, வடிவாப் போடும்" என்றார்.

நேற்று நேர்முகப் பரீட்சையில் மனேஜர் என் முன்னாலேயே அவருக்குப் போன் எடுத்தார். அப்படி ஒருவரையும் தனக்குத் தெரியாது என்றாராம். படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

பம்பலப்பிட்டியில் அண்ணையின் வீட்டுக்குப் போனேன். கேற்றைத் திறக்காமலே, "யாழ்ப்பாணத்துப் பிள்ளையைத் தெரியுமெண்டு சொல்லி, நாளைக்குப் பொலிஸ் வந்தால் நான் என்ன செய்யிறது?" என்றார். அவருடைய பயம் விளங்குகிறது, ஐயா. ஆனாலும் அம்மாவின் கையால் சாப்பிட்டவர். மனம் ஆறவில்லை.

கவலைப்படாதீர்கள், வேறு இடம் பார்க்கிறேன். பள்ளிக்கூட அதிபரிடம் ஒரு நற்சான்றிதழ் வாங்கி அனுப்புங்கள். நீங்களும் என்னைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். உறவினர் எழுதினால் செல்லாதாம். என்றாலும் எனக்கு அதை வாசிக்க வேண்டும்.

தபால் கந்தோர் பூட்டப் போகிறது.

உங்கள் மகள்,
ஜெகதீஸ்வரி